பழைய கியர் சைக்கிளுக்கு எந்தப் பாகம் பொருந்தும்? கேள்வி பதில்

பழைய கியர் சைக்கிள்களுக்கு மாற்றுப் பாகம் தேடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். பல கேள்விகளில் "என்னுடையது 21 கியர்" என்று மட்டும்தான் இருந்தது. 21 என்பது முன்னால் 3, பின்னால் 7 என்ற பெருக்கல் கணக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு வாஷர்கூட வாங்க முடியாது. கடைக்குப் போகும் முன் ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பின்னால் எத்தனை பல்சக்கரம், அதில் பெரியதற்கும் சிறியதற்கும் எத்தனை பல், பின்சக்கரத்தைக் கழற்றியபின் பிரேமின் இரண்டு காதுகளுக்கும் (பின்சக்கர ஆக்சில் உட்காரும் தகடுகள்) இடையே உட்பக்கம் எத்தனை மி.மீ.; ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி) 'டக் டக்' என்று படிப்படியாக நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா; பிரேமில் காந்தம் ஒட்டுகிறதா (ஒட்டினால் இரும்பு). பெரும்பாலான குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: 15 வருடத்துக்கு மேலான 18 கியர் எம்டிபி (மலைச் சைக்கிள்). பின்னால் 6 பல்சக்கரம். பிரீவீல் (பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கு) தேய்ந்துவிட்டது. "6 இப்ப வர்றதில்ல, 7 போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். போடலாமா சார்? (கோவை)

பதில்: 6 இன்னும் வருகிறது. ஷிமானோவின் 'எம்.எஃப்-டி.இசட் 500' வரிசையில் 14 முதல் 28 பல் வரை 6 அடுக்கு பிரீவீல் உண்டு. சன்ரேஸ் நிறுவனமும் செய்கிறது. கடையில் இருப்பு இல்லை என்பதும் உலகத்திலேயே இல்லை என்பதும் வேறு வேறு. ஒரு வாரம் காத்திருந்து 6-ஐயே வாங்குவதுதான் செலவு குறைந்த வழி.

7 போட்டால் இரண்டு இடத்தில் உதைக்கும். முதலாவது அகலம். 6 அடுக்கில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5.5 மி.மீ.; 7 அடுக்கில் 5.0 மி.மீ. 6-இல் ஐந்து இடைவெளி, ஆக 27.5. 7-இல் ஆறு இடைவெளி, ஆக 30. இரண்டரை மி.மீ. கூடுதல். அந்தக் கூடுதல் அகலம் வெளிப்பக்கம்தான் நீளும். மிகச்சிறிய பல்சக்கரத்துக்குச் செயின் இறங்கும்போது பிரேமின் காதில் உரசும். உரசினால் ஆக்சிலின் வலப்பக்கம் 2 முதல் 3 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும். ஸ்பேசர் போட்டால் ரிம் இடப்பக்கம் ஒதுங்கும். அப்புறம் ஸ்போக்கை இறுக்கித் தளர்த்தி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது ஷிஃப்டர். 6 அடுக்கு ஷிஃப்டர் ஒரு படிக்கு 3.2 மி.மீ. கேபிளை இழுக்கும், 7 அடுக்குக்கு வேண்டியது 2.9. ஒரு படிக்கு அரை மி.மீ. அளவுக்குச் செயின் தள்ளி நிற்கும். முதல் படியில் தெரியாது. மூன்று படி போனால் ஒன்றரை மி.மீ. பிசகு, செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே கரகரவென்று கத்தும். ஆகவே 7 என்றால் வலது ஷிஃப்டரும் 7-க்கு மாற வேண்டும். "ஒண்ணும் ஆகாது" என்பது ஷிஃப்டர் 'டக் டக்' இல்லாமல் வழுக்கிப் போகிற வகையாக இருந்தால் மட்டும் சரி.

கேள்வி: என்னுடையது பிரீவீலா கேசட்டா என்று கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? கழற்றும் கருவி எது வாங்குவது? (திருச்சி)

பதில்: பிரீவீல் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மரையில் மொத்தமாகத் திருகி ஏறுவது, கேசட் ஹப்பின் பள்ளங்களில் நுழைந்து உட்காருவது. சக்கரத்தைக் கையில் பிடித்து, பல்சக்கரங்களை மட்டும் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் ஆக்சிலைச் சுற்றி, கருவி நுழைகிற வெட்டுப் பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளங்களும் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல்சக்கரம் மட்டும் சுற்ற, பள்ளங்கள் அசையாமல் நின்றால் பிரீவீல்.

பிரீவீலில் 12 பள்ளம் வட்டமாக இருந்தால் ஷிமானோ வகைக் கருவி. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். எதிரெதிரே இரண்டு வெட்டு மட்டும் இருந்தால் பழைய சன்டூர் நிறுவன வகை, நான்கு வெட்டு இருந்தால் அதற்கடுத்த சன்டூர். கிட்டத்தட்டப் பொருந்துகிற கருவியைப் போட்டு முயலவே கூடாது. வெட்டின் ஓரம் ஒருமுறை மழுங்கினால் அந்த பிரீவீலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கழற்றும் முறை: கருவியை உட்கார வைத்து, ஆக்சில் நட்டையோ குவிக் ரிலீஸையோ (கைப்பிடியால் பூட்டும் ஸ்கியூவர் கம்பி) அதன்மேல் லேசாகப் பூட்டுங்கள், கருவி துள்ளி வெளியே வராமலிருக்க. பிரீவீல் கீழே இருக்கும்படி சக்கரத்தைப் படுக்கவைத்து, கருவியைப் பட்டறை வைஸில் கடியுங்கள். ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள், கார் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிப்பது போல. ஒவ்வொரு மிதிக்கும் இறுகிக்கொண்டே போன மரை அது, வருஷக்கணக்கில் இறுகியிருக்கும். ஸ்பேனரில் தொங்கினால் வராது, ரிம்மின் அகலம்தான் நெம்புகோல். 'டக்' என்று விட்டவுடன் நிறுத்தி, மேலே பூட்டிய நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் ஆக்சில் வளையும், இல்லையென்றால் ஸ்கியூவர் அறும்.

புதியதை ஏற்றும்போது மரையில் கிரீஸ் பூசி, கையாலேயே கடைசிவரை திருகுங்கள். ஹப் அலுமினியம், பிரீவீல் இரும்பு. கோணலாக ஏறினால் தோற்பது ஹப்தான்.

கேள்வி: செயின் மட்டும் புதுசு போட்டேன். மேடு ஏறும்போது நடு கியரில் 'கட கட' என்று வழுக்குகிறது. பழைய செயினில் இந்தப் பிரச்சினையே இல்லை. செயின் போலியா? (மதுரை)

பதில்: செயின் நல்லது. பிரீவீல் போய்விட்டது. பழைய செயின் நீண்டுபோய், அந்த நீளத்துக்கு ஏற்ப பல்லும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகியிருந்தன. புதுச் செயினின் ஒவ்வொரு கண்ணியும் சரியாக அரை அங்குலம். தேய்ந்த பல்லில் அது உட்காராமல் மேலே ஏறிக் குதிக்கிறது. நீங்கள் அதிகம் ஓட்டும் நடு கியரில் மட்டும் வழுக்குவது இதற்குச் சாட்சி. ஓட்டாத கியர்களின் பல் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஒரு அடி இரும்பு ஸ்கேலைச் செயின்மேல் வைத்து, ஒரு பின்னின் நடுவைச் சுழியில் நிறுத்தி, 24 கண்ணி தள்ளியுள்ள பின்னைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். ஒன்றரை மி.மீ. தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 3 மி.மீ. தாண்டிவிட்டால் செயினும் பிரீவீலும் சேர்ந்தே போக வேண்டும்.

செயின் வாங்கும்போது அகலம் முக்கியம். 6, 7, 8 அடுக்குக்கு ஒரே செயின் போதும். பின்னின் வெளி நீளம் 7.1 முதல் 7.3 மி.மீ. வரை இருக்கும். 9 அடுக்குச் செயின் 6.6 சுமார். ஒற்றை கியர் சைக்கிள் செயின் உள்ளே 3.3 மி.மீ. அகலம், அது கியர் சைக்கிளுக்கு ஆகாது. இன்னொன்று: ஒற்றைச் செயினில் போடுவார்களே, மேலே ஸ்பிரிங் கிளிப் வைத்த லாக், அதைக் கியர் செயினில் போட்டுத் தருகிற கடைகள் உண்டு. அந்த லாக் தடிமன் அதிகம். பக்கத்துப் பல்சக்கரத்தில் தட்டும், டெரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம்) கூண்டில் சிக்கும், ஒருநாள் கிளிப் தெறிக்கும். கியர் செயினுக்கென்றே வரும் குவிக் லிங்க் கேளுங்கள். அதுவும் 6-7-8 என்று எழுதியிருக்க வேண்டும்.

நீளத்துக்குப் பழைய செயினை அளவாக வைக்காதீர்கள். அதை யாராவது ஏற்கெனவே தவறாக வெட்டியிருக்கலாம். டெரெய்லரை விட்டுவிட்டு, முன்னால் பெரிய பல்சக்கரத்தையும் பின்னால் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி இழுத்துப் பிடித்து, முனைகள் சேருமிடத்திலிருந்து மேலும் இரண்டு கண்ணி, அதாவது ஒரு உள் கண்ணி ஒரு வெளிக் கண்ணி, சேர்த்து வெட்டுங்கள்.

கேள்வி: அண்ணை, ஜப்பானிலை இருந்து வந்த பாவிச்ச சைக்கிள் ஒண்டு வாங்கினனான். பின் சில்லின்ரை ஹப்புக்குள்ளைதான் 3 கியரும். வெளியிலை ஒண்டும் தொங்கேல்லை. பண்ணைப் பாலத்தாலை போகேக்கை சோளகக் காத்து எதிர்த்து அடிச்சா 1-இலையும் மிதிக்கேலாமல் கிடக்கு. பின்னாலை உள்ள பல்லுச் சில்லை மட்டும் பெரிசா மாத்தலாமோ? இப்ப 16 பல்லு. (யாழ்ப்பாணம்)

பதில்: மாற்றலாம். உள்கியர் சைக்கிளில் செய்யக்கூடிய மலிவான, பயன் அதிகமான மாற்றம் இதுதான். உங்களுடையது ஷிமானோ 3 அடுக்கு ஹப்பாக இருந்தால் கணக்கு இப்படி: 2-ஆம் கியர் நேர், அதாவது பல்சக்கரம் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று; 1-ஆம் கியர் அதில் 73 சதவீதம், 3-ஆம் கியர் அதில் 136 சதவீதம். 16-ஐ 19 ஆக்கினால் மூன்று கியரும் ஒரேயடியாக 16 சதவீதம் இலகுவாகும். 3-ஆம் கியரில் வேகம் குறையும், ஆனால் சோளகத்துக்கு எதிரே 3 யாருக்கு வேண்டும்?

இந்தப் பல்சக்கரம் மரையில் ஏறுவதில்லை. உள்வட்டத்தில் மூன்று நாக்கு இருக்கும். ஹப்பின் மூன்று பள்ளத்தில் உட்கார்ந்து, மேலே ஒரு கம்பி வளையம் அதைப் பிடித்திருக்கும். வளையத்தின் வாயில் சிறிய தட்டை ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் வரும். கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பழைய 3 அடுக்கு ஹப்பிலும், 1950களுக்குப் பிந்தையவற்றில், இதே மூன்று நாக்குதான். ஒன்றின் பல்சக்கரம் மற்றதற்கு ஏறும்.

பார்க்க வேண்டியவை மூன்று. பல்சக்கரம் தட்டையாக இல்லாமல் சற்றுக் குழிந்திருக்கும். குழிவு உள்ளே பார்த்திருந்ததா வெளியே பார்த்திருந்ததா என்று கழற்றும் முன் படம் எடுங்கள். திருப்பிப் போட்டால் செயின் கோடு சில மி.மீ. விலகி, செயின் அடிக்கடி கழலும். அடுத்தது செயின் மூடி. ஜப்பான் சைக்கிள்களில் முழு மூடி இருக்கும், 19 பல் அதற்குள் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது செயின் நீளம். 3 பல் கூடினால் ஒன்றரைக் கண்ணி நீளம் கூடுதலாக வேண்டும். செயினில் இரண்டு இரண்டாகத்தான் சேர்க்க முடியும். இரண்டு கண்ணி சேர்த்தால் சில் (பின்சக்கரம்) சுமார் 3 மி.மீ. பின்னே போகும். ஒன்றும் சேர்க்காவிட்டால் ஒன்பதரை மி.மீ. முன்னே வர வேண்டும். காதில் அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்காது. எனவே சேர்ப்பதே சரி.

சில்லைத் திரும்பப் பூட்டியபின் கேபிளைச் சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள். ஷிஃப்டரை 2-இல் வைத்து, ஆக்சில் முனையில் உள்ள பெட்டியின் சிறிய ஜன்னலில் கோடு நடுவே நிற்கும்வரை கேபிள் நட்டைத் திருகுங்கள். ஸ்டர்மி என்றால் ஜன்னல் இல்லை; 2-இல் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தால் சங்கிலி கோத்த கம்பியின் தோள் ஆக்சில் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். தளர்வாக விட்டால் அந்தப் பழைய ஹப்பில் 2-க்கும் 3-க்கும் நடுவே பிடிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு; எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில்.

கேள்வி: பின் டெரெய்லர் ஸ்போக்கில் மாட்டி முறிந்துவிட்டது. 21 கியர், முன்னால் 42-34-24, பின்னால் 14-28. எந்த மாடல் வாங்குவது? முறிந்தது ஏன்? (சென்னை)

பதில்: 'ஏன்' என்பதை முதலில் பார்ப்போம்; இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழும்போது டெரெய்லர் தரையில் முட்டி, அதைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைகிறது. அதன்பின் கியர் விழவில்லை என்று யாரோ, டெரெய்லர் ஸ்போக் பக்கம் அளவு மீறாமல் தடுக்கும் 'எல்' ஸ்குரூவைத் தளர்த்தியிருப்பார்கள். பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது கூண்டு ஸ்போக்குக்குள் போகும். பெரும்பாலும் கதை இதுதான்.

ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லையென்றால் பழைய தந்திரம்: ஹேங்கரின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. அடி (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி). குவிக் ரிலீஸ் பின்சக்கர ஆக்சிலின் மரையும் பெரும்பாலும் அதுவே. வேறொரு பின்சக்கரத்தின் ஸ்கியூவரை உருவிவிட்டு, அதன் ஆக்சில் முனையை ஹேங்கருக்குள் திருகுங்கள். இப்போது இரண்டு சக்கரம் அருகருகே நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே நாலு இடத்திலும் இரண்டு ரிம்முக்கும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால் ஹேங்கர் நேர். இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல வளைத்து நேராக்கலாம், பிரேம் இரும்பாக இருந்தால். அலுமினியம் என்றால் ஒருமுறைக்கு மேல் வளைக்காதீர்கள், விரிசல் விடும். கழற்றி மாற்றும் ஹேங்கர் என்றால் புதியது வாங்குங்கள்.

இனி மாடல். மூன்று கேள்வி.

மாட்டும் விதம்: பிரேமின் காதிலேயே மரையுள்ள துளை இருந்தால் நேரடி வகை. இல்லாமல், ஆக்சில் நட்டுக்குக் கீழே ஒரு தகடு போட்டு அதில் டெரெய்லர் தொங்கினால் தகட்டோடு வரும் வகை. ஷிமானோவின் டூர்னி வரிசையில் இரண்டும் வருகிறது. பெட்டியில் மாடல் எண் ஒன்றுபோலவே இருக்கும், திறந்து பாருங்கள்.

கொள்ளளவு: முன்னால் பெரியதில் சிறியதைக் கழித்து, பின்னால் பெரியதில் சிறியதைக் கழித்து, கூட்டுங்கள். உங்களுக்கு 18 + 14 = 32 பல். இதற்கு நீளக் கூண்டு வேண்டும். ரேஸ் சைக்கிளின் குட்டைக் கூண்டு போதாது. போதாவிட்டால் சிறியது-சிறியதில் செயின் தொங்கும், பெரியது-பெரியதில் இழுபட்டு ஹேங்கரையே முறுக்கும். கூடவே 'அதிகபட்சப் பல்' 28-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இழுவை: ஷிமானோவின் 6, 7, 8, 9 அடுக்கு டெரெய்லர்கள், பின்னால் சொல்லும் ஒரு பழைய வரிசை தவிர, எல்லாம் ஒரே கணக்கு. கேபிள் 1 மி.மீ. வந்தால் டெரெய்லர் 1.7 மி.மீ. நகரும். ஆகவே 8 அல்லது 9 அடுக்கு என்று பெட்டியில் எழுதிய டெரெய்லர் உங்கள் 7-க்கு அப்படியே வேலை செய்யும். அடுக்கு எண்ணிக்கை ஷிஃப்டரில்தான் இருக்கிறது, டெரெய்லரில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பழைய பாகம் தேடி அலைவதில் பாதி மிச்சம். ஆனால் ஷிமானோவின் 10 அடுக்கு எம்டிபி டெரெய்லரில் அந்த எண் 1.2. ஸ்ராம் நிறுவனத்தினது பெரும்பாலும் 1.1. புதுசு, விலை கூடியது என்று அவற்றை வாங்கினால் ஒரு கியரும் நேராக நிற்காது.

கேள்வி: 7 அடுக்கு ஷிஃப்டர் கிடைக்கவில்லை, 8 இருக்கிறது. பிரீவீல் 7. ஓடுமா? (சேலம்)

பதில்: ஓடும். இடைவெளி 5.0-க்கு 4.8, ஒரு படிக்கு இரண்டு தசம மி.மீ. பிசகு. கேபிளை 4-ஆவது பல்சக்கரத்தில் துல்லியமாக ஒலி இல்லாமல் நிற்கும்படி சரிசெய்யுங்கள். அப்போது பிசகு இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பிரிந்து, ஓரத்தில் 0.7 மி.மீ. தாண்டாது. மிஞ்சுகிற எட்டாவது படியை, இரண்டு ஓரத்திலும் டெரெய்லரை நிறுத்தும் 'எச்', 'எல்' ஸ்குரூக்கள் தடுக்கும்.

கேள்வி: முன்னால் பெரிய பல்சக்கரத்தின் பல் மட்டும் சுறா மீன் துடுப்பு மாதிரி ஆகிவிட்டது. அதை மட்டும் வாங்க முடியுமா? முடியாவிட்டால் கிராங்க் செட் (பெடல் தண்டும் முன் பல்சக்கரங்களும்) முழுதும் மாற்ற என்ன அளவு சொல்ல வேண்டும்? (பெங்களூரு)

பதில்: பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்திருப்பது போல்ட்டா ரிவெட்டா என்று பாருங்கள். ரிவெட் என்றால் தனியாக வராது, செட்டாகத்தான். போல்ட் என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் நடுவுக்கு நடு அளந்து சொல்லுங்கள். ஐந்து போல்ட் வகையில் 76.4 மி.மீ. வந்தால் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 130, 64.7 என்றால் 110, 55.2 என்றால் 94. நான்கு போல்ட்டில் 73.5 வந்தால் 104. கடைக்காரர் கேட்பது இந்த விட்டத்தைத்தான்.

செட்டாக மாற்றுவதானால், கிராங்க் உட்காரும் ஆக்சில் சதுர முனையா என்று பாருங்கள். சதுரம் என்றால் 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே ஒரு வாஷர் இருந்தால் அதையும் விரலால் எடுத்துவிட்டு, அப்புறம் கிராங்கை வெளியே இழுக்கும் கருவியான கிராங்க் புல்லரைத் திருகுங்கள். வாஷரை மறந்து புல்லரை இறுக்கினால், அது ஆக்சிலைத் தள்ளாமல் வாஷரைத் தள்ளும். கிராங்கின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த வேலையில் கெடுகிற கிராங்குகளில் பெரும்பங்கு இப்படித்தான் கெடுகிறது.

ஆக்சிலின் நீளம் பழையதை ஒட்டியே இருக்கட்டும், ஆனால் புதுக் கிராங்கின் பெட்டியில் என்ன நீளம் சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். மூன்று பல்சக்கர எம்டிபி கிராங்குகளில் 122.5 மி.மீ. அடிக்கடி வரும் அளவு. குறைவாக இருந்தால் சிறிய பல்சக்கரம் பிரேமில் இடிக்கும். கூடுதலாக இருந்தால் செயின் கோணலாக ஓடி, முன் டெரெய்லர் பெரியதற்கு எட்டாது. ஆக்சில் உறை பிரேமில் 68 அல்லது 73 மி.மீ. அகலம் இருக்கும்; ஸ்கேலால் அளக்கலாம். வலப்பக்கக் கப் (ஆக்சிலின் பேரிங்கைத் தாங்குவது) இடது மரை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும்.

பழைய வண்டியில் சதுரத்துக்குப் பதில் கோட்டர் பின் (கிராங்கைக் குறுக்கே பூட்டும் ஆப்பு) இருந்தால் புல்லர் உதவாது. பின்னை அடித்து எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து இரும்புக் குழாய் முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ஸ் மேல் இறங்கி, கப்பில் குழி விழும்.

கேள்வி: 1970களின் பெஜோ (பிரெஞ்சுச் சைக்கிள்), '10 ஸ்பீடு'. இங்கே ஒரு பழைய பொருள் விற்பனையில் கிடைத்தது. 10 ஸ்பீடு செயினும் புது பிரீவீலும் வாங்கலாம் என்றிருக்கிறேன். (டொரொண்டோ)

பதில்: வாங்காதீர்கள், இரண்டையும். அந்தக் காலத்து 10 என்பது முன்னால் 2, பின்னால் 5. இன்று '10 ஸ்பீடு செயின்' என்றால் பின்னால் மட்டும் 10; அதன் உள் அகலம் 2.18 மி.மீ. உங்கள் தடித்த பல்லில் அது சரியாக இறங்காது. 6-7-8 செயின், உள் அகலம் 2.38, அதுதான் வேண்டியது.

பிரீவீலில் இன்னும் எச்சரிக்கை. பிரெஞ்சு சைக்கிள்களின் மரை வேறு. பிரெஞ்சு பிரீவீல் மரை 34.7 மி.மீ. விட்டம், 1 மி.மீ. அடி. இன்று விற்பவை எல்லாம் ஆங்கில அளவு: சுமார் 34.9, அங்குலத்துக்கு 24 மரை, அதாவது அடி 1.06 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆங்கில பிரீவீல் பிரெஞ்சு ஹப்பில் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டால் ஹப் முடிந்தது. கையால் கடைசிவரை போனால் ஆங்கில ஹப், வெளிநாட்டுக்குப் போன வண்டிகள் சிலவற்றில் அப்படி உண்டு. நடுவில் நின்றால் கழற்றிவிடுங்கள். அப்போது அதே பிரெஞ்சு மரையில் பழைய பிரீவீல் தேடுவது, அல்லது ஆங்கில மரையுள்ள பின்சக்கரமே மாற்றுவது, இரண்டே வழி.

பெடலும் 14 மி.மீ. பிரெஞ்சு மரையாக இருக்கலாம். இன்றைய 9/16 அங்குலப் பெடலை வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம். மிதிக்கும் ஆக்சிலின் கப் இரண்டும் பெரும்பாலும் வலது மரைதான், ஆங்கில வழக்கம் போல வலப்பக்கம் இடது மரை இல்லை. தப்புத் திசையில் நெம்பி இறுக்கிக்கொள்ளாதீர்கள். ஷிஃப்டர் வழுக்கும் வகை. அது உங்களுக்கு வரம், பின்னால் 5 போட்டாலும் 6 போட்டாலும் அதற்குக் கவலை இல்லை.

கேள்வி: 1980களின் இறுதியில் வந்த இரும்பு ரேஸ் சைக்கிள், ஷிமானோ, பின்னால் 7, காது இடைவெளி 126. 8 அல்லது 9 அடுக்கு கேசட் சக்கரம் போடலாமா? (சிங்கப்பூர்)

பதில்: இரும்பு என்பதால் போடலாம். 8 அடுக்கும் அதற்கு மேலும் உள்ள, ரிம் பிரேக் ரேஸ் ஹப் 130 மி.மீ. பக்கத்துக்கு 2 மி.மீ.தான், கையால் விரித்தே சக்கரத்தை நுழைக்கலாம், அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறைய. அலுமினியம் அல்லது கார்பன் பிரேம் என்றால் இந்தப் பதில் 'கூடாது'. 8, 9, 10 மூன்றும் ஒரே ஃப்ரீஹப்பில் (ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி) ஏறும். உங்கள் 7 அடுக்கு கேசட்டையே அதில் வைக்க விரும்பினால் உள்ளே 4.5 மி.மீ. ஸ்பேசர் போடுங்கள்.

பழைய சக்கரத்தையே வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் மாற்றுவதானால், மிகச்சிறிய பல்சக்கரத்தைப் பாருங்கள். அதுவே மரையில் திருகி மற்றவற்றைப் பிடித்திருந்தால் அது யூனிகிளைடு, ஷிமானோவின் பழைய வகை. இன்றைய ஹைப்பர்கிளைடு கேசட்டின் லாக் ரிங்குக்கு உள்மரை வேண்டும், அதில் இருக்காது.

டெரெய்லரில் ஷிமானோவின் 'டியூரா-ஏஸ் 7400' வரிசை எண் இருந்தால் தனியாகச் சிந்திக்க வேண்டும். 1984-இல் படிப்படி ஷிஃப்டிங்கோடு வந்த வரிசை அது. அதன் இழுவை மற்ற ஷிமானோக்களோடு ஒத்துப்போகாது. அதே காலத்து ஷிமானோ 600, 105 வரிசைகள் என்றால் மேலே சொன்ன 1.7 கணக்கு பொருந்தும்.

கேள்வி: ஷிஃப்டர், டெரெய்லர், பிரீவீல் எல்லாம் பொருத்தமாக வாங்கியாகிவிட்டது. இருந்தும் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது சரி, சிறியதற்கு இறங்கும்போது ஒரு படி தயங்கி விழுகிறது. (தஞ்சாவூர்)

பதில்: கேபிளின் அவுட்டர் டியூப்பைப் பாருங்கள். உள்ளே சுருள் கம்பி இருந்தால் அது பிரேக்குக்கு உரியது, 5 மி.மீ. தடிமன், அழுத்தினால் சுருங்கும். கியருக்கு 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும் வகை வேண்டும். வெட்டு முனையைப் பார்த்தாலே தெரியும். மாற்றும்போது பின் டெரெய்லருக்குப் போகும் கடைசி வளைவைத் தாராளமாக விடுங்கள். குட்டையாக வெட்டினால் அங்கேதான் கேபிள் உராய்ந்து திரும்பி வரத் தயங்கும். வெட்டிய முனை நசுங்கியிருந்தால் ஆணியால் துளையைத் திறந்து, மூடி போட்டு உட்கார வையுங்கள். மிச்சமிருக்கும் கியர் டியூப்பை மட்டும் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். பிரேக் பிடிக்கும் அழுத்தத்தில் அது பிளந்துகொள்ளும்.